வவுச்சரை யார் காட்டணும்?

போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி நாலு பேரைத் தூங்க வைத்ததாகக் கடைசி பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். இந்தத் தடவை தூக்கம் வராது என்று நினைக்கிறேன். ஆனால் கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

விஷயம் ஆரம்பித்தது எங்கள் வீட்டுப் பரணில்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்ததே, அப்போது ஊருக்குப் போயிருந்தேன். (எங்க ஊர் பந்தலூர் பக்கம். நீலகிரி என்றதும் ஊட்டி பூங்கா, படகு, வர்க்கி என்று போய்விடாதீர்கள். இது மழை, அட்டை, யானை இருக்கும் நீலகிரி.) படிவம் கொடுக்க வந்த அக்கா, "பழைய லிஸ்ட்ல அம்மா பேர் இருக்கா?" என்று எங்கள் அப்பாயியைப் பார்த்து சாதாரணமாகத்தான் கேட்டார். இருந்தது. ரெண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்த ரெண்டு நிமிஷத்துக்குள் அப்பாயி என்னைப் பரண் மேல் ஏற்றி, ஒரு தகரப் பெட்டியை இறக்க வைத்து, உள்ளே இருந்த அத்தனை தாளையும் திண்ணையில் பரப்பிவிட்டார். இலங்கையிலிருந்து புறப்படும்போது கொடுத்த குடும்ப அட்டை. காலாவதியான ரேஷன் கார்டுகள். தாத்தாவின் டான்டீ சம்பளச் சீட்டுகள், ரப்பர் பேண்ட் போட்டு. எங்கப்பாவின் ஐந்தாம் வகுப்பு மார்க் ஷீட் கூட இருந்தது (அதைப் பற்றித் தனிப் பதிவே போடலாம், வேண்டாம்).

"அதெல்லாம் வேணாம்மா, எடுத்து வைங்க" என்றார் வந்த அக்கா. அப்பாயி கேட்கவில்லை. குடும்ப அட்டையை நீட்டிக்கொண்டே நின்றார். அந்த அக்கா பாவம், ஒரு மரியாதைக்கு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ராத்திரி கேட்டபோதுதான் கதை முழுசாக வந்தது.

அப்பாயி பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அவங்க அய்யாவும் அங்கேதான் பிறந்தாராம். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டப்படி, அங்கே பிறந்தால் மட்டும் போதாது, அப்பனும் அங்கே பிறந்ததற்குச் சான்று வேண்டும், இல்லையென்றால் தாத்தாவும் அவருக்கு அப்பனும் பிறந்ததற்கு. லயத்தில் பிரசவம் பார்த்த கிழவி என்ன சர்டிபிகேட்டா எழுதிக் கொடுத்தாள்? 1949-ல் இந்திய, பாகிஸ்தான் வம்சாவளிக்காரர்களுக்கென்று இன்னொரு சட்டம் வந்தது. கல்யாணம் ஆனவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் தொடர்ந்து இலங்கையில் வசித்ததை நிரூபித்தால் குடியுரிமை. எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. எங்கள் பூட்டனார் பேர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

நான் அப்பாயியிடம் கேட்டேன்: "தோட்டத்துல வேலை பார்த்ததுக்குக் கணக்கு இருக்குமே, அதைக் காட்ட வேண்டியதுதானே?"

"செக்ரோல் இருந்துச்சு புள்ள. தெனமும் பேர் போடுவாங்க. இன்னிக்கு யாரு வந்தா, எத்தன ராத்தல் இலை எடுத்தா, எல்லாம் இருந்துச்சு. அது தொரை ஆபீசுல இருந்துச்சு. எங்க கையில எங்க இருந்துச்சு?"

அப்புறம் 1964 அக்டோபர் 30-ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். (பிறகு பார்த்தது 1974-ல். ஆளுக்குப் பாதி.) இதை 15 வருஷத்தில் முடிக்க வேண்டும். கால்குலேட்டர் வேண்டாம், வகுத்தால் வருஷத்துக்கு 35,000 பேர். டார்கெட்! இந்த வார்த்தையை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அந்த 35,000-களில் ஒருத்தராக எங்கள் அப்பாயி 1974-ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 24. அதற்கு முன்னால் அவர் இந்தியாவைப் பார்த்ததே கிடையாது. தாயகம் திரும்பியோர் என்று பேர்!

இதை இப்படியே விட்டிருப்பேன். ஆனால் திரும்பி கோயம்புத்தூர் வந்தால், தணிக்கைப் பாடத்தில் செமினார் காத்திருந்தது. தலைப்பு, அரசுத் தணிக்கை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சி.ஏ.ஜி., 2ஜி என்று எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்ததில் நான் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகத்தை எடுத்தேன். வேறு ஊர் என்றால் மேடம் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார் என்கிற கெட்ட எண்ணம்தான். அவர்கள் 2018 டிசம்பரில் வெளியிட்ட ஒரு அறிக்கை கையில் மாட்டியது. விண்ட்ரஷ் விவகாரம்.

படிக்கப் படிக்க, தகரப் பெட்டி ஞாபகம்தான் வந்துகொண்டிருந்தது.

கதை இதுதான். 1948 ஜூன் 22 அன்று (மறுபடியும் அதே 1948, பாருங்கள்) எம்பயர் விண்ட்ரஷ் என்கிற கப்பல் கரீபியன் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு லண்டன் பக்கம் டில்பரி துறைமுகத்தில் ஆள் இறக்கியது. போருக்குப் பிறகு பிரிட்டனில் வேலைக்கு ஆள் பற்றாக்குறை. அப்போதைய சட்டப்படி காலனிகளில் பிறந்தவர்களும் பிரிட்டிஷ் குடிமக்களே. பஸ் ஓட்டினார்கள், ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தார்கள், கட்டடம் கட்டினார்கள். அடுத்த இருபது சொச்சம் வருஷம் இப்படியே வந்துகொண்டிருந்தார்கள். பல குழந்தைகள் அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டிலேயே பேர் சேர்க்கப்பட்டு வந்து சேர்ந்தார்கள். 1971-ல் ஒரு குடிவரவுச் சட்டம் போட்டார்கள். 1973 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. அன்றைக்கு ஏற்கெனவே அங்கே குடியிருந்த காமன்வெல்த்காரர்கள் காலம் முழுக்க இருக்கலாம் என்றது சட்டம்.

நல்லதுதான். ஆனால் அப்படி உரிமை பெற்றவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு கூடக் கொடுக்கவில்லை. யார் யாருக்கு உரிமை கிடைத்தது என்று உள்துறை, அதாவது ஹோம் ஆபீஸ், ஒரு பதிவேடும் வைக்கவில்லை.

அவர்களிடம் இருந்த பழைய தடயங்களில் ஒன்று, கப்பலில் வந்து இறங்கியபோது எழுதி வாங்கிய லேண்டிங் கார்டுகள். பேர், தேதி, கப்பல் எல்லாம் அதில் இருக்கும். க்ராய்டன் என்கிற இடத்தில் ஒரு பேஸ்மென்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். 2010-ல் அதை அழித்துவிட்டார்கள். தனிநபர் தகவல்களைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, தவிர அந்தக் கார்டு ஒருவர் தொடர்ந்து வசித்ததற்கு நல்ல ஆதாரமும் இல்லை என்று பின்னால் விளக்கம் சொன்னார்கள். முடிவு 2009-ல் தொழிலாளர் கட்சி ஆட்சியில் எடுக்கப்பட்டது, அழிக்கப்பட்டது 2010-ல் அடுத்த ஆட்சியில் என்று ரெண்டு கட்சியும் பந்தைத் தட்டி விளையாடின. அது நமக்கு முக்கியமில்லை.

இங்கே ஒரு சின்ன சொந்தக் கதை. போன கோடை விடுமுறையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ரெண்டு மாசம் வேலை பார்த்தேன். சம்பளம் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும், பஸ் காசு. ஒரு கடையின் கேஷ் புக்கை டிக் அடித்துக்கொண்டிருந்தபோது 340 ரூபாய் லாரி வாடகைக்கு வவுச்சர் இல்லை. நானே கடைக்காரர் மேல் இரக்கப்பட்டு டிக் போட்டுவிட்டேன். சார் பார்த்தார். திட்டவில்லை. "யாரு எழுதுனாங்களோ அவங்கதான் காட்டணும். நீ நம்புறதுக்கு உனக்கு யார் உரிமை கொடுத்தது?" என்றார், அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் வரை மண்டைக்குள் ஓடியது. கம்பெனிச் சட்டப்படி ஒரு கம்பெனி எட்டு வருஷக் கணக்குப் புத்தகத்தையும் வவுச்சர்களையும் பத்திரமாக வைத்திருக்கணும். ஏன்? நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது கம்பெனி, கேட்டவன் இல்லை.

பழைய கார்டை அழித்ததை நான் பெரிய குற்றம் என்று சொல்ல மாட்டேன். எந்த ஆபீஸிலும் நடக்கிற பழைய பேப்பர் வேலைதான். குற்றம் அதற்குப் பிறகு நடந்தது.

2012-ல் அப்போதைய உள்துறை அமைச்சர் தெரசா மே, சட்டவிரோதமாக இருப்பவர்களுக்கு இந்த நாட்டில் பகையான சூழலை உண்டாக்கப் போகிறோம் என்றார். அது வாய்ப்பேச்சாக நிற்கவில்லை. 2014, 2016 குடிவரவுச் சட்டங்கள் வந்தன. வீடு வாடகைக்கு விடுபவர், வேலை கொடுப்பவர், வங்கி, ஓட்டுநர் உரிமம் தருபவர் எல்லாரும் எதிரில் நிற்கிற ஆளிடம் காகிதம் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் இவர்களுக்கே அபராதம். அதாவது குடிவரவு அதிகாரியின் வேலை ஊர் முழுக்கப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஐம்பது வருஷம் காகிதமே தேவைப்படாமல் வாழ்ந்த கிழவர் கிழவிகளிடம் திடீரென்று எல்லாப் பக்கமும் காகிதம் கேட்டார்கள். ஹோம் ஆபீஸுக்குப் போனால், நீ இங்கே இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஆதாரம் கொடு என்றது. சிலரிடம் வருஷத்துக்கு நாலு ஆதாரம் வரை! உங்களால் 2019-ல் நீங்கள் கோயம்புத்தூரில் இருந்ததற்கு நாலு ஆதாரம் தர முடியுமா? யோசித்துப் பாருங்கள். என்னால் முடியாது.

அதில் ஒரு அம்மா. பேர் வேண்டாம், செய்தித்தாள்களில் நிறைய வந்ததுதான். 1968-ல் பத்து வயதுச் சிறுமியாக ஜமைக்காவிலிருந்து வந்தவர். ஒரு காலத்தில் பார்லிமென்ட் கேன்டீனில் சமைத்தவர். எம்.பி.க்களுக்கே சோறு போட்டவர்! 34 வருஷம் தேசியக் காப்பீட்டுச் சந்தா கட்டியிருக்கிறார், நம்ம ஊர் பி.எஃப்., இ.எஸ்.ஐ. மாதிரி. அந்தக் கணக்கு முழுக்க அரசாங்கத்திடமே இருக்கிறது. ஆனாலும் சட்டவிரோதமாக இருப்பவர் என்று கடிதம் வந்தது. மாசாமாசம் வந்து கையெழுத்துப் போடு என்றார்கள், போய்ப் போட்டார். 2017 அக்டோபரில் அப்படிக் கையெழுத்துப் போடப் போன இடத்திலேயே பிடித்து யார்ல்ஸ் வுட் தடுப்பு மையத்தில் ஒரு வாரம் வைத்து, விமானம் ஏற்ற ஹீத்ரோ பக்கம் கொண்டுபோனார்கள். எம்.பி.யும் ஒரு தொண்டு நிறுவனமும் கடைசி நேரத்தில் ஓடிப்போய்த் தடுத்தார்கள். கார்டியன் பத்திரிகையில் அமீலியா ஜென்டில்மேன் எழுதியபிறகுதான் வெளியுலகத்துக்கே தெரிந்தது.

செக்ரோல் தொரை ஆபீஸில். சந்தா கணக்கு அரசாங்கத்திடம். நிரூபிக்க வேண்டியது மட்டும் இலை பறித்தவளும் சோறு ஆக்கியவளும்.

இப்போது ஓரமாக வைத்த வார்த்தைக்கு வருகிறேன். டார்கெட்.

2018 ஏப்ரல் 25. பார்லிமென்டின் உள்துறைக் கமிட்டி முன்னால் அமைச்சர் ஆம்பர் ரட் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை பேரை வெளியேற்றணும் என்று டார்கெட் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றார். மறுநாள், உள்ளூர் அளவில் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது என்றார். அதற்கு மறுநாள் ஒரு மெமோ கசிந்தது. 2017 ஜூனில் எழுதியது, அமைச்சருக்கும் நகல் போனது. 2017-18-ல் 12,800 பேரை வலுக்கட்டாயமாகத் திருப்பி அனுப்புவது என்கிற டார்கெட் அதில் இருந்தது. ஏப்ரல் 29 அன்று ராஜினாமா.

இதில் ரெண்டு விஷயம் என்னை உறுத்தியது. ஒன்று, அந்த எண்ணை அரசாங்கம் வெளியிடவில்லை, கசிந்தது. யாரோ ஒருவர் மனசாட்சிக்குப் பயந்து பத்திரிகைக்குக் கொடுத்திருக்காவிட்டால், டார்கெட் இல்லை என்பதே அதிகாரபூர்வ உண்மையாகப் பதிவில் இருந்திருக்கும். ரெண்டாவது, அமைச்சரின் பதவி போனது ஆட்களைப் பிடித்ததற்காக இல்லை, கமிட்டியில் தப்பாகச் சொன்னதற்காக. ராஜினாமா கடிதத்தில் தெரியாமல் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் இருந்தது. வங்கியில் தப்பான ஆளுக்கு இன்சூரன்ஸ் விற்ற மேனேஜரை, விற்றதற்காக இல்லாமல் மீட்டிங்கில் பொய் சொன்னதற்காக மட்டும் அனுப்பிய மாதிரி.

டார்கெட் வைத்தால் என்ன ஆகும் என்று மார்க்கெட்டிங் படித்த நமக்குத் தெரியாதா? மார்ச் கடைசியில் எந்தக் கஸ்டமரைப் பிடிப்பார்கள்? சுலபமாக மடங்குகிற ஆளை. கள்ளத்தனமாக வந்து ஒளிந்திருப்பவன் கையெழுத்துப் போட மாசாமாசம் வர மாட்டான். அந்த அம்மா வருவார். முகவரி மாற்ற மாட்டார், கடிதம் போட்டால் வாங்குவார், கூப்பிட்டால் போவார். இது என் ஊகம்தான். ஆனால் 12,800 என்கிற எண்ணுக்குள், பிடிக்கக் கஷ்டமான ஆள் ஒன்று, சுலபமான ஆள் ஒன்று என்று தனித்தனியாக எண்ண மாட்டார்கள் இல்லையா?

எண் விளையாட்டில் இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2013-ல் லண்டனில் வேன்களில் பெரிய விளம்பரம் ஓட்டினார்கள். சட்டவிரோதமாக இருக்கிறீர்களா, ஊருக்குப் போங்கள், இல்லையென்றால் கைது, போன வாரம் உங்கள் பகுதியில் 106 கைதுகள் என்று. விளம்பரத் தர ஆணையம் விசாரித்து, அந்த 106 என்பது தவறான எண்ணத்தை உண்டாக்குகிறது என்று தடை போட்டது. பற்பசை கம்பெனிக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு அரசாங்கத்துக்கே நடந்திருக்கிறது!

சரி, செமினாருக்கு வருவோம். தவறு வெளியான பிறகு ஹோம் ஆபீஸ் தன் பழைய கோப்புகளைத் தானே திருப்பிப் பார்த்தது. பிடிக்கப்பட்ட அல்லது அனுப்பப்பட்ட 11,800 பேரின் கோப்புகள். அதில் 164 பேர் இருக்க முழு உரிமை இருந்தும் பிடித்து வைக்கப்பட்டார்கள் அல்லது அனுப்பப்பட்டார்கள். அனுப்பப்பட்டவர்கள் மட்டும் 83 பேர். ஆனால் பார்த்தது கரீபியன் நாட்டுக்காரர்களின் கோப்புகளை மட்டும். 1971 சட்டம் காமன்வெல்த் முழுமைக்கும் பொது. பாதிக்கப்பட்டவர்களில் இந்தியாவில் பிறந்தவர்களும் இருந்தார்கள். அந்தக் கட்டுகளை அவிழ்க்கவே இல்லை. தணிக்கை அலுவலகம் இதைச் சுட்டிக்காட்டியது. தணிக்கை எல்லையைச் சுருக்குவது என்று பாடத்தில் ரெண்டு மார்க் கேள்வியாகப் படிக்கிறோமே, அது இதுதான். 83 என்பது நடந்ததன் எண் இல்லை. தேடிய இடத்தில் கிடைத்த எண்.

2020 மார்ச்சில் வெண்டி வில்லியம்ஸ் என்பவர் அறிக்கை கொடுத்தார். முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது, தவிர்த்திருக்கக் கூடியது என்பது சாரம். 30 பரிந்துரைகள். அத்தனையும் ஏற்கிறோம் என்றார்கள். 2023 ஜனவரியில் அடுத்தவர் வந்து மூன்றைக் கைவிட்டார். எந்த மூன்று? பாதிக்கப்பட்டவர்களை உட்கார வைத்துப் பேசுவது, புலம்பெயர்ந்தோருக்கு ஒரு ஆணையர், எல்லை மற்றும் குடிவரவு தலைமை ஆய்வாளருக்கு அதிகாரத்தைக் கூட்டுவது பற்றி யோசிப்பது. தங்களைக் கேள்வி கேட்கக்கூடிய இடங்களாகப் பார்த்து விட்டிருக்கிறார்கள்! 2024 ஜூனில் உயர் நீதிமன்றம், அதில் பின்னால் சொன்ன ரெண்டையும் கைவிட்டது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜூனில் விண்ட்ரஷுக்கென்று ஒரு ஆணையரை நியமித்திருக்கிறார்கள். நஷ்டஈட்டுத் திட்டம் 2019-லேயே வந்தது. பணம் கைக்கு வருவதற்குள் கண்ணை மூடியவர்கள் பலர்.

அந்தத் தலைமை ஆய்வாளர் விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது (பிடித்தது என்றால் வயிற்றெரிச்சல் என்று படிக்கவும்). 2007 சட்டத்தில் உருவான பதவி. குடிவரவுத் துறை எப்படி நடக்கிறது என்று சோதித்து அறிக்கை எழுதுவார். முதலில் அவரே வெளியிட்டுக்கொண்டிருந்தார். 2014 முதல் எப்போது வெளியிடுவது என்று முடிவு செய்வது உள்துறை அமைச்சர். எட்டு வாரத்துக்குள் என்று ஒரு வாக்குறுதி உண்டு. 2024 பிப்ரவரி 20 அன்று, தகவலை அனுமதியில்லாமல் பத்திரிகைக்குக் கொடுத்தார் என்று அப்போதைய ஆய்வாளர் டேவிட் நீலை நீக்கினார்கள். பிப்ரவரி 29 அன்று, தேங்கிக் கிடந்த அவருடைய 13 அறிக்கைகள் ஒரே நாளில் வெளியாயின. அதே நாளில்தான் லண்டன் போலீஸ்காரர் ஒருவர் செய்த கொலை பற்றிய பெரிய விசாரணை அறிக்கையும் வந்தது. பதிமூன்றையும் யார் படிப்பார்கள்?

தணிக்கையாளர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்று 1896 வழக்கை எல்லாரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். (மேடம் இந்த வரி வந்தால் மார்க் போட்டுவிடுவார்.) இங்கே காவல் நாய் யாரைப் பார்த்துக் குரைக்க வேண்டுமோ, அவரே சங்கிலியைப் பிடித்திருக்கிறார். ஒரு கம்பெனியில் தணிக்கை அறிக்கை பங்குதாரர்களுக்கு. நிர்வாக இயக்குநர் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு, வசதியான நாளில் வெளியிடலாம் என்றால் நாம் அந்தக் கம்பெனியின் ஷேரை வாங்குவோமா?

ரூம்மேட்டிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அவள் சொன்னது: "எல்லா நாட்டுக்கும் எல்லை இருக்குடி. சட்டவிரோதமா வந்தவங்களைப் பிடிக்கக் கூடாதா? ரகசியமா சிலது பண்ணித்தான் ஆகணும். ரெய்டு போறதை முன்னாடியே சொல்லிட்டா போவாங்க?" நியாயம்தான். பிடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தத் தெருவில் நாளைக்கு ரெய்டு என்று யாரும் கேட்கவில்லை. வருமான வரித்துறையும்தான் ரெய்டு போகிறது, ஆனால் பறிமுதல் செய்ததற்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுப் போகிறது. எத்தனை பேரைப் பிடிக்க டார்கெட், பிடித்ததில் எத்தனை தப்பு, தப்பு என்று தெரிந்தபிறகு யார் பொறுப்பு, இதைச் சொன்னால் எந்த எல்லை திறந்துகொள்ளும்? அவள் பதில் சொல்லவில்லை. மெஸ்ஸில் அன்றைக்கு பரோட்டா, அதனால் விவாதம் அங்கேயே நின்றது.

நம்ம ஊரில் மட்டும் வேறு மாதிரியா என்று கேட்பீர்கள். இல்லை. 1946 வெளிநாட்டவர் சட்டத்தின் 9-வது பிரிவு, நான் வெளிநாட்டுக்காரன் இல்லை என்று நிரூபிக்கும் பாரம் சந்தேகிக்கப்பட்ட ஆளின் மேல்தான் என்றது. அதற்குப் பதிலாக வந்த 2025 சட்டத்திலும் அந்தப் பாரம் இடம் மாறவில்லை. அதைப் பற்றி எழுத இன்னும் நிறையப் படிக்க வேண்டும். அரைகுறையாக எழுதி வாங்கிக் கட்டிக்கொள்ள விருப்பமில்லை.

செமினார் நன்றாகப் போனது. மேடம் குறுக்குக் கேள்வியும் கேட்டார்: "இதெல்லாம் தணிக்கைக்குள்ள வருமா?" வரும் என்றேன். வவுச்சர், எல்லைச் சுருக்கம், தணிக்கையாளர் சுதந்திரம் எல்லாம் சிலபஸில் இருக்கிற வார்த்தைகள், கணக்கில் இருப்பது ரூபாயா ஆளா என்பது மட்டும்தான் வித்தியாசம் என்றேன். பத்துக்கு எட்டு.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாயிக்கு அந்தக் கேன்டீன் அம்மா கதையைச் சொன்னேன். டிவி சீரியல் மாதிரி உன்னிப்பாகக் கேட்டார். நடுவில் ஒரு சந்தேகம்: "கையெழுத்துப் போடப் போன எடத்துலயா புடிச்சாங்க?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கடைசியில அந்தப் பொம்பளைக்குக் கார்டு கெடைச்சுதா?"

"கெடைச்சுது அப்பாயி. 2018 ஜனவரியில."

"எத்தன வருசம் வச்சிருந்தா?"

"ரெண்டரை வருஷம். 2020-ல எறந்துட்டாங்க."

ம்ம் என்றார். அப்புறம் எழுந்துபோய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். நவம்பருக்குப் பிறகு அது பரணுக்கே போகவில்லை, அவர் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. குடும்ப அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். மடிப்பு விழுந்த இடத்தில் பிய்ந்திருந்தது. பந்தலூர் பஜாருக்குப் போகும்போது ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வா என்றார்.

"எத்தனை எடுக்கட்டும்? ரெண்டு போதுமா?"

"நாலா எடு."